விளம்பரம் வந்தால் அம்மா வெளியே ஓடுகிறார், நிற்பாட்ட வழியுண்டா?

புதுக்குடியிருப்புப் பக்கமிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். அம்மாவுக்கு 66 வயது. பின்னேரம் நாடகம் பார்ப்பது ஒன்றுதான் அவருடைய பொழுதுபோக்கு. நாடகத்துக்கு நடுவே ஒரு தள்ளுபடி விற்பனை விளம்பரம் வருகிறதாம். இருட்டில் ஏதோ சீறிக்கொண்டு மேலே போய் வெடித்து, அந்த வெளிச்சத்தில் விலை தெரியும். அவ்வளவுதான், அம்மா எழும்பி முற்றத்து வேம்படியில் போய்க் குந்திவிடுகிறார். இரவுச் சாப்பாடும் இல்லை. விளம்பரத்தை நிற்பாட்ட முடியுமா என்பது கேள்வி. பெட்டிசம் எழுதி, வழக்குப் போட்டு நட்டஈடும் எடுத்துத் தருகிறேன் என்று ஒருவர் வந்திருக்கிறார். அம்மா நடுங்குவதை வீடியோ எடுத்து வெளிநாட்டுக்கு அனுப்பினால் உதவி வரும் என்று இன்னொருவர். இவர்களை நம்பலாமா என்பது அடுத்த கேள்வி.

முதலில் நேரான பதில். அந்த விளம்பரத்தை நீங்கள் நிற்பாட்டுவது கடினம். ஆனால் அது அம்மாவைப் போட்டு அலைக்கழிப்பதைப் பெரும்பாலும் வீட்டுக்குள்ளேயே குறைக்கலாம். பெட்டிசக்காரருக்கும் வீடியோக்காரருக்கும் ஒரு சதமும் கொடுக்காதீர்கள், கதவையும் திறக்காதீர்கள்.

எங்கள் ஆட்களுக்குப் படத்தைவிடச் சத்தம்தான் எதிரி. கண்ணை மூடலாம், தலையைத் திருப்பலாம். காதுக்கு அந்த வசதி இல்லை. கிபிர் குண்டுவீச்சு விமானம் வரும் சத்தத்தையும் ஷெல் கூவும் சத்தத்தையும் பிரித்தறிந்தவர்கள்தான் பங்கருக்குள் நேரத்துக்குப் பாய்ந்தார்கள். அந்தக் காதுதான் உயிரைக் காப்பாற்றியது. 2009 இல் யுத்தம் முடிந்து இத்தனை வருடமாகியும் அது காவலை விடவில்லை. அம்மாவுக்குப் பைத்தியமும் இல்லை, நடிப்பும் இல்லை.

என்னிடம் வந்த ஒரு ஐயாவைச் சொல்கிறேன். பிரஷர் குக்கர் விளம்பரம் வந்தால் தேத்தண்ணிக் கோப்பையை அப்படியே நிலத்தில் வைத்துவிட்டு எழும்பிப் போவாராம். அதில் வரும் நடிகையை அவருக்குப் பிடிக்காது என்றே வீட்டில் எல்லோரும் நினைத்திருந்தார்கள். மனுசி அதை வைத்துப் பகிடி கூடப் பண்ணியிருக்கிறார். கடைசியில் பார்த்தால், விசில். அது மெல்லத் தொடங்கி ஏறும் விதம் அவருக்கு வேறொன்றை ஞாபகப்படுத்தியிருக்கிறது. வீட்டுக் குக்கர் விசிலுக்கு அவர் அசையவே இல்லை, ஏனென்றால் அது எப்போது அடிக்கும் என்று தெரியும். தொலைக்காட்சியில் வருவது எதிர்பாராமல் வருகிறது. இந்த வித்தியாசத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள், அம்மாவுக்கான வழி இதில்தான் இருக்கிறது.

ஒரு வாரம் கொப்பியும் பேனையுமாக இருங்கள். எந்த அலைவரிசை, எத்தனை மணி, என்ன சாமானுக்கான விளம்பரம், அதில் எந்த இடத்தில் அம்மா திடுக்கிடுகிறார், இந்த நாலையும் எழுதுங்கள். விளம்பரங்கள் கண்டபடி வருவதில்லை. ஒரே நாடகத்தின் ஒரே இடைவேளையில் திரும்பத் திரும்ப வரும். இரண்டு மூன்று நாளில் நேரம் பிடிபட்டுவிடும். அப்புறம் ரிமோட்டை அம்மாவின் கையில் கொடுங்கள். இடைவேளை வந்ததும் அவரே சத்தத்தை நிற்பாட்டட்டும். நீங்கள் பாய்ந்து பறித்து அமத்தினால் அது உங்கள் காவல். அவர் அமத்தினால் அவருடைய காவல்.

விளம்பரச் சத்தம் நாடகச் சத்தத்தைவிடக் கூட என்று தோன்றுவது பிரமை இல்லை. நாடகத்தில் ஒருவர் கிசுகிசுப்பார், ஒருவர் கத்துவார். விளம்பரத்தில் கிசுகிசுப்பையும் கத்தலுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்திவிடுவார்கள். அமெரிக்காவில் இதற்கென்றே 2010 இல் சட்டம் போட்டு 2012 டிசம்பரில் நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். நாங்கள் ரிமோட்டை நம்பி இருக்கிறோம். புதிய தொலைக்காட்சியாக இருந்தால் சவுண்ட் செட்டிங்கில் ‘ஓட்டோ வொலியூம்’ என்று ஒன்று இருக்கிறதா பாருங்கள். அதைப் போட்டுவிட்டால் திடீர் ஏற்றம் குறையும். இதற்கென்று தனிப் பெட்டி விற்க யாரும் வந்தால் வாங்காதீர்கள்.

பார்க்கப் பார்க்கப் பழகிவிடும் என்று யாராவது சொன்னாலும் அம்மாவை முன்னால் இருத்திப் பார்க்க வைக்காதீர்கள். படிப்படியாகப் பழக்கும் சிகிச்சை ஒன்று உண்டுதான், ஆனால் அது பயிற்சி பெற்றவர் செய்ய வேண்டியது. பார்மசியில் யாரையோ பிடித்து நித்திரைக் குளிசை வாங்கிக் கொடுப்பதும் வேண்டாம். நடுங்கினால் பக்கத்தில் இருங்கள். காலை நிலத்தில் ஊன்றச் சொல்லி, முகம் கழுவத் தண்ணீர் கொடுத்து, இன்றைக்கு என்ன கிழமை, அடுப்பில் என்ன கறி என்று சாதாரணமாகக் கதையுங்கள். கொஞ்ச நேரத்தில் நெஞ்சிடி அடங்கும்.

இனி அந்தப் பெட்டிசக்காரர். கச்சேரி (மாவட்டச் செயலக) வாசலில் இப்படிப்பட்டவர்களை நான் நிறையக் கண்டிருக்கிறேன். வழக்கு, நட்டஈடு என்ற இரண்டு சொல்லை வைத்தே பிழைப்பு நடக்கிறது. உண்மை நிலவரம் இதுதான்: தனியார் தொலைக்காட்சிகளுக்கு அனுமதிப்பத்திரம் 1982 ஆம் ஆண்டு ரூபவாஹினிக் கூட்டுத்தாபனச் சட்டத்தின் கீழ் அமைச்சர் கொடுக்கிறார். விளம்பரம் ஒருவரை வருத்தினால் கேட்பதற்கென்று தனியான சுயாதீன சபை இந்த நாட்டில் இல்லை. தொலைத்தொடர்பு ஆணைக்குழு அலைவரிசையைப் பார்க்கும், அதில் என்ன வருகிறது என்று பார்க்காது. நுகர்வோர் அதிகார சபைக்கு 1977 என்ற தொலைபேசி இலக்கம் உண்டு, விலையில் ஏமாற்றினால், பொய் விளம்பரம் போட்டால் அடிக்கலாம். பொய் சொன்னால் முறையிட இடமுண்டு, பயமுறுத்தினால் இல்லை! 2023 இல் ஒலிபரப்பு ஆணைக்குழுவுக்கென்று சட்டமூல வரைவு ஒன்று வந்தது. அது ஊடகங்களின் கழுத்தைப் பிடிக்கும் கயிறாக இருந்ததால் எதிர்ப்பு எழுந்தது. நாடகம் பார்க்கும் அம்மாவைப் பற்றி அதற்கு முன்பும் யாரும் யோசிக்கவில்லை, பின்பும் யோசிக்கவில்லை.

ஆகவே செய்யக்கூடியது ஒரு கடிதம். கொப்பியில் எழுதிய நாலு விபரத்தையும் வைத்து, அலைவரிசையின் விளம்பரப் பிரிவுக்கு நீங்களே தமிழில் எழுதுங்கள். நிற்பாட்டு என்று கேட்காமல், பின்னேர நாடக நேரத்திலிருந்து மாற்றச் சொல்லிக் கேளுங்கள். பிரதி ஒன்று ஊடக அமைச்சின் செயலாளருக்கு. பதிவுத் தபாலில் போட்டுத் துண்டைப் பத்திரமாக வையுங்கள். அரச அலுவலகத்துக்குத் தமிழில் எழுதினால் தமிழில் பதில் பெறும் உரிமை அரசியலமைப்பிலேயே இருக்கிறது. எனக்கு ஒருமுறை ஒரு அலுவலகம் சிங்களத்தில் பதில் அனுப்பி, அதை மொழிபெயர்க்கும் செலவும் என் தலையில்தான் விழுந்தது. அது வேறு கதை.

உங்கள் அக்கா லண்டனில் இருக்கிறார், அங்கிருந்து முறையிடலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். அங்கே 1962 முதல் விளம்பரத் தர அதிகார சபை இருக்கிறது. நியாயமான காரணமின்றிப் பார்ப்பவரை விளம்பரம் வருத்தக்கூடாது என்பது அங்கு விதி, முறையிடக் காசும் இல்லை. ஆனால் அந்நாட்டு அனுமதியோடு நடக்கும் அலைவரிசைகளுக்குத்தான் அது. உங்கள் விளம்பரத்துக்கு உதவாது.

அந்த ‘நியாயமான காரணம்’ என்பதைக் கொஞ்சம் விளங்கிக்கொள்ளுங்கள், ஏனென்றால் எல்லோரும் வழுக்குவது இதில்தான். புகைத்தலை நிறுத்தச் சொல்லும் விளம்பரம், வீதி விபத்து விளம்பரம், நோய்த் தடுப்பு விளம்பரம் எல்லாம் மனதை உலுக்கத்தான் செய்யும். உலுக்காவிட்டால் வேலை செய்யாது. அதற்காக எதையும் காட்டலாம் என்றும் இல்லை. 2007 இல் புகைப்பவரின் கன்னத்தில் தூண்டில் முள் குத்தி இழுப்பதுபோல் அங்குள்ள சுகாதாரத் திணைக்களம் விளம்பரம் செய்தது. 774 முறைப்பாடுகள். சிறுவர்களைப் பயமுறுத்தக்கூடும் என்று சபை ஏற்றுக்கொண்டது. நோக்கம் நல்லதாக இருந்தும் அப்படி. அதேபோல உதவி கேட்கும் விளம்பரத்துக்கும் ஓரளவு இடம் கொடுப்பார்கள், நோக்கம் நல்லது என்பதால். ஆனால் அந்த நல்ல நோக்கத்தைக் காட்டித்தான் வீடியோக்காரரும் வருகிறார்.

அவர் தம்பி, தங்கச்சி என்று கதைத்துக்கொண்டு வருவார். அம்மாவை வேம்படியில் இருத்தி, சோகப் பாட்டுப் போட்டு, வெடிச்சத்தத்தைக் கூட வேணுமென்றே அடித்து நடுங்க வைத்து எடுப்பார். எவ்வளவு காசு வந்தது, எவ்வளவு உங்களுக்கு என்று கணக்குக் காட்டமாட்டார். படத்தை எடுத்த பிறகு அழிக்கவும் முடியாது. நாளைக்கு வேறொரு நாட்டில், வேறொரு வீட்டில், உங்கள் அம்மாவின் முகத்தைப் பார்க்க முடியாமல் யாரோ ஒருவர் ரிமோட்டைத் தேடுவார்.

நித்திரையில்லாமலும் சாப்பாடில்லாமலும் இரண்டு வாரத்துக்கு மேல் போனால் முல்லைத்தீவு மாஞ்சோலை ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். காசில்லை. பிரதேச செயலகத்தில் இருக்கும் உளவளத்துணை உத்தியோகத்தரோடும் கதைக்கலாம். இரவில் அவசரமென்றால் 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கு அடியுங்கள்.

ரிமோட்டை இன்றைக்கே கொடுங்கள். அதற்கு முதல் பற்றரி வேலை செய்கிறதா என்று ஒருக்கால் பாருங்கள்.