சுவரில் பூசணம்: பெயின்ட் அடித்தால் போகுமா?

கேள்வி: முப்பது வருடத்துப் பழைய அடுக்குமாடியில் முதல் மாடி எங்களுடையது. படுக்கையறையில் பீரோவுக்குப் பின்னால் சுவர் முழுக்கக் கறுப்பாகப் பூசணம். போன வருடமும் வந்தது. பட்டி பார்த்து பெயின்ட் அடித்தோம். இந்தக் கார்த்திகையில் அதே இடத்தில் மறுபடியும் வந்துவிட்டது. அந்த அறையில்தான் மாமியார் படுக்கிறார். அவருக்குச் சர்க்கரையும் வீசிங்கும் உண்டு. ‘பூஞ்சை வராத பெயின்ட் இருக்கிறது, அடித்துவிடலாம்’ என்கிறார் பெயின்டர். ‘மழைக்காலத்தில் எல்லா வீட்டிலும் இருப்பதுதான்’ என்கிறார் என் கணவர். எனக்கோ 2021-ல் கேள்விப்பட்ட கறுப்புப் பூஞ்சை ஞாபகம் வந்து பயமாக இருக்கிறது. யார் சொல்வது சரி சார்?
— வாசகி, நங்கநல்லூர்

பதில்: முதலில் அந்தக் கறுப்பு நிறத்தை மறந்துவிடுங்கள் அம்மா. கோவிட் இரண்டாம் அலையில் வந்த மியூகோர்மைகோசிஸ் நோயில் கறுத்துப்போனது நோயாளியின் செத்த திசு. கட்டுக்கு அடங்காத சர்க்கரை உள்ளவர்களையும், ஸ்டீராய்டு எடுத்தவர்களையும்தான் அது அதிகம் பிடித்தது. வீட்டுச் சுவரில் வழக்கமாக வளர்வது கிளாடோஸ்போரியம், ஆஸ்பர்ஜில்லஸ், பெனிசிலியம் வகையறா. நிறத்தைப் பார்த்து இது ஆபத்து, இது சாது என்று பிரிக்க முடியாது. சுரண்டி எடுத்து லேபுக்கு அனுப்பிக் காசைக் கரைக்கவும் வேண்டாம். எந்த வகையாக இருந்தாலும் செய்யவேண்டிய வேலை ஒன்றுதான்.

கணவர் சொல்வது ஒரு வகைப் பூசணத்துக்குப் பொருந்தும். அடைமழை நாளில் தோல் பெல்ட்டிலும் கட்டில் அடியிலும் போட்டோ ஆல்பத்திலும் சாம்பல் தூவினாற்போல் பூக்கிறதே, அது காற்றிலுள்ள ஈரத்தால் வருவது. துடைத்து, தை வெயிலில் ஒருநாள் காயவைத்தால் போய்விடும். உங்கள் வீட்டில் அதே இடத்தில், புதுப் பெயின்ட்டைத் தாண்டிக்கொண்டு திரும்பி வந்திருக்கிறது. இந்த வகையை நான் ஒருநாளும் சாதாரணமாக எடுத்துக்கொள்வதில்லை.

ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறதா, அறைக் காற்றிலிருந்து படிகிறதா என்பதை நீங்களே பார்த்துவிடலாம். பீரோவை நகர்த்தி, சுவரை ஈரத்துணியால் துடைத்து, ஃபேன் போட்டுக் காயவிடுங்கள். ஓரடிக்கு ஓரடி பாலிதீன் ஷீட் ஒன்றை நான்கு பக்கமும் காற்றுப் புகாதபடி டேப் போட்டு அங்கே ஒட்டுங்கள். இரண்டு நாள் கழித்துப் பாருங்கள். ஷீட்டுக்குப் பின்னால், சுவர்ப் பக்கம் நீர் முத்து முத்தாக இருந்தால் சுவருக்குள் ஈரம் இருக்கிறது. முன்பக்கம் இருந்தால் அறைக் காற்றின் ஈரம். காற்று ஈரம்தான் என்றால் வேலை சுலபம்: பீரோவைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள், துணியை அறைக்குள் காயப் போடாதீர்கள், மழை விட்ட நேரத்தில் ஜன்னலைத் திறந்துவிடுங்கள். அந்த அறையில் ஏ.சி. ஓடினால் 18-ல் வைக்காதீர்கள். குளிர்ந்த சுவரில் ஈரக் காற்று பட்டால் நீராகப் படியும்.

சுவருக்குள் ஈரம் என்றால் அது எங்கே தொடங்குகிறது என்று பாருங்கள். நடுச்சுவரில் திட்டாக இருந்து, மறுபக்கம் பாத்ரூம் என்றால் என் சந்தேகம் குழாய் மேல்தான். அந்தக் காலத்துக் கட்டடங்களில் பெரும்பாலும் ஜி.ஐ. குழாயைச் சுவருக்குள் பதித்திருப்பார்கள். அது உள்ளுக்குள் துருப்பிடித்து ஊசித்துளை விடும். வெளியே ஒரு சொட்டும் தெரியாது. பிளம்பரிடம் பிரஷர் டெஸ்ட் செய்யச் சொல்லுங்கள். பாத்ரூம் தரையில் சந்தேகம் என்றால் தண்ணீர் வெளியேறும் ஜாலியை அடைத்து, ஓர் அங்குலம் தண்ணீர் கட்டி, ஒருநாள் விட்டுப் பாருங்கள். ஈரம் சீலிங்கை ஒட்டித் தொடங்கினால் மேல் வீட்டு பாத்ரூம். ஜன்னல் மூலையில் என்றால் சன்ஷேட் விரிசல். வெளிச்சுவர் என்றால் மழைநீர்க் குழாயின் இணைப்புகளையும் பார்த்துவிடுங்கள்.

இதைச் சரிசெய்யாமல் எந்தப் பெயின்ட் அடித்தாலும் அது மூடிபோடுகிற வேலைதான். இங்கிலாந்தில் ராச்டேல் என்ற ஊரில் ஒரு குடும்பம் குடியிருப்பில் பூசணம் என்று 2017-லேயே புகார் சொன்னது. குடியிருப்பை நிர்வகித்தவர்கள் மேலே பெயின்ட் அடித்துக்கொள்ளச் சொன்னார்கள். அந்த வீட்டுக் குழந்தை அவாப் இஷாக் 2020 டிசம்பரில், இரண்டு வயது முடிந்த சில நாட்களில், மூச்சு பாதிக்கப்பட்டு இறந்துபோனான். நீண்டகாலம் பூசணத்தோடு வாழ்ந்ததுதான் காரணம் என்று 2022-ல் மரண விசாரணை அதிகாரி தீர்ப்பளித்தார். அதன் பிறகு, குறைந்த வாடகைக்கு வீடு விடும் சமூக வீட்டு அமைப்புகள் குறித்த காலத்துக்குள் இதைச் சரிசெய்தாக வேண்டும் என்று அவன் பெயராலேயே சட்டம் வந்தது. உங்களைப் பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. பெயின்டர் சொல்கிற அதே தீர்வு அங்கே என்ன விலை கேட்டது என்று உங்கள் கணவரும் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஆகவே மாமியாரை இன்றைக்கே வேறு அறையில் படுக்க வையுங்கள். வீசிங் உள்ளவருக்கு இந்தப் பூசணம் சின்ன விஷயம் இல்லை. ஊருக்கோ மகள் வீட்டுக்கோ போனால் மூச்சு லேசாகி, இங்கே திரும்பியதும் இருமல் கூடுகிறதா என்று கேட்டுப் பாருங்கள். அப்படி இருந்தால் வீட்டுக்கும் நோய்க்கும் தொடர்பு இருக்கலாம். நுரையீரல் மருத்துவரிடம் ‘அவர் படுக்கும் அறைச் சுவரில் பூசணம் இருக்கிறது’ என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். பலரும் இதைச் சொல்வதே இல்லை. ஆஸ்துமா உள்ள சிலருக்கு ஆஸ்பர்ஜில்லஸ் நுரையீரலில் ஒவ்வாமை நோயாகவே உருவெடுக்கும். அதைக் கண்டுபிடிக்க ரத்தப் பரிசோதனை உண்டு.

பூசணம் மூன்றடிக்கு மூன்றடிக்குள் இருந்தால் நீங்களே சுத்தம் செய்யலாம். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை சொல்லும் பத்து சதுர அடிக் கணக்கு ஏறக்குறைய இதுதான். நீங்கள் ‘சுவர் முழுக்க’ என்று எழுதியிருப்பதால் ஆள் வைத்துச் செய்வதே நல்லது. யார் செய்தாலும் என்95 மாஸ்க்கும் கையுறையும் வேண்டும். காய்ந்த சுவரைத் தேய்க்கக் கூடாது; சோப்புத் தண்ணீரால் நனைத்துவிட்டுத் தேய்க்க வேண்டும். பிளீச்சிங்கையும் டாய்லெட் கழுவும் ஆசிடையும் சேர்த்துவிடாதீர்கள், குளோரின் வாயு கிளம்பும். சுவர் முழுக்கக் காய்ந்த பிறகுதான் பட்டியும் பெயின்ட்டும்.

இதையும் பார்த்துக்கொள்ளுங்கள்: ஈரம் சுவிட்ச் போர்டை நெருங்கியிருந்தால் மெயினை அணைத்துவிட்டு எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். சீலிங்கில் செம்பழுப்புக் கறை இறங்கி, தட்டினால் காரை பொள்ளென்று கேட்டால் உள்ளே கம்பி துருப்பிடிக்கிறது. அதற்குக் கட்டடப் பொறியாளர் நேரில் வரவேண்டும்.

கேள்வி: 2023 மிக்ஜாம் புயலில் எங்கள் தரைத்தள வாடகை வீட்டுக்குள் தண்ணீர் நின்றது. இப்போது மழை வந்தால் படுக்கையறையில் மக்கிய வாடை. சுவரில் ஒன்றும் தெரியவில்லை. ஜன்னலைத் திறந்து வைக்கச் சொல்கிறார் ஹவுஸ் ஓனர்.
— வாசகர், பள்ளிக்கரணை

பதில்: கண்ணுக்குத் தெரியாமல் வாடை மட்டும் வருகிறது என்றால் பூசணம் ஒளிந்திருக்கிறது. பிளைவுட் அலமாரியின் முதுகுப்பலகை, கட்டில் பலகை, இலவம்பஞ்சு மெத்தை ஆகியவற்றைத் திருப்பிப் பாருங்கள். நனைந்தது ஒன்றிரண்டு நாளுக்குள் காயவில்லை என்றாலே பூசணம் பிடிக்கத் தொடங்கிவிடும். உப்பிப்போன பிளைவுட்டையும் நனைந்த மெத்தையையும் காப்பாற்ற முயலாமல் வெளியேற்றிவிடுங்கள். சுவரில் பதித்த அலமாரி ஓனருடையது என்றால் போட்டோ எடுத்து, தேதியோடு அவருக்கு எழுத்தில் அனுப்புங்கள். வாயால் சொன்னது நிற்காது. வாடகை ஒப்பந்தத்தில் பழுதுபார்ப்பு யார் பொறுப்பு என்று எழுதியிருக்கும், அதையும் எடுத்துப் படித்துவிடுங்கள்.

கேள்வி: ஹாலில் தரையிலிருந்து இரண்டடி உயரத்துக்கு வெள்ளையாகப் பூத்து, பெயின்ட் உதிர்கிறது. பூசணமா?
— வாசகி, தஞ்சாவூர்

பதில்: உப்பாக இருக்கவே வாய்ப்பு அதிகம். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள், கரைந்தால் உப்பு. உப்பு மூச்சைக் கெடுக்காது. ஆனால் அஸ்திவாரத்திலிருந்து ஓதம் ஏறுகிறது என்று அர்த்தம். அந்தச் சுவரை ஒட்டி வெளியே செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிறீர்களா, மண் மட்டம் தரையைவிட மேலே ஏறியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.