நித்திரைக் குளிசையை எப்படி விடுவது?

கேள்வி: எனக்கு வயது 49. சாவகச்சேரிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறேன். மூன்று மாதத்துக்கு முன் அம்மா காலமானார். செத்தவீட்டு அலைச்சல், எட்டுச் செலவு, அந்திரட்டி எல்லாம் முடிந்து சனம் வீட்டைவிட்டுப் போன பிறகு எனக்கு நித்திரை அறவே இல்லாமல் போனது. ஒரு டொக்டர் குளோனாசெபாம் 0.5 மில்லிகிராம், இரவில் ஒன்று என்று இரண்டு கிழமைக்கு எழுதித் தந்தார். நன்றாக நித்திரை வந்தது. முடிந்ததும் அதே துண்டைக் காட்டிப் பாமசியில் திரும்பவும் வாங்கினேன், அப்படியே ஆறு கிழமை ஓடிவிட்டது. கனடாவில், ரொறன்ரோவில் படிக்கும் மகள், தினமும் இரவு பத்து மணிக்கு அழைப்பவள், கேள்விப்பட்டு, "அது அடிமையாக்கிற மருந்து, இண்டைக்கே நிப்பாட்டுங்கோ அம்மா" என்று அழுதாள். நிப்பாட்டினேன். முதல் இரண்டு இரவும் பரவாயில்லை. மூன்றாம் இரவு கண் மூடவே இல்லை, நெஞ்சு படபடத்தது, கை நடுங்கியது, காலையில் ஆர் கதைத்தாலும் எரிச்சல். பயந்துபோய்த் திரும்பப் போட்டேன், அன்றிரவே நித்திரை. இனி இது இல்லாமல் என்னால் இருக்க ஏலாதா? பல வருடமாக டயசெபாம் போடும் அக்கா, "என்னட்டை இருக்கு, தேவையெண்டால் எடு" என்கிறார். நான் என்ன செய்ய?

பதில்: தங்கச்சி, முதலில் இன்றிரவைப் பற்றிச் சொல்கிறேன், மற்றதெல்லாம் பிறகு. நீங்கள் இப்போது எடுக்கும் அந்த ஒரு குளிசையை, அதே அளவில், அதே நேரத்தில் எடுங்கள். கூட்டவும் வேண்டாம், திரும்பவும் ஒரேயடியாக நிப்பாட்டவும் வேண்டாம். இந்தக் கிழமைக்குள், குளிசை முடிய முன்னர், எழுதித் தந்த டொக்டரிடம் போய், ஆறு கிழமை எடுத்ததையும் நிப்பாட்டிப் பார்த்தபோது நடந்ததையும் ஒளிக்காமல் சொல்லுங்கள். பழைய துண்டில் வாங்கினேன் என்று சொன்னால் ஏசுவாரோ என்று யோசிக்கவேண்டாம். எத்தனை நாள் எடுத்தீர்கள் என்பது தெரியாமல் அவரால் சரியாகக் குறைத்துத் தர முடியாது.

உங்களைப் பயப்படுத்திய அந்த மூன்றாம் இரவுக்கு வருவோம். நம் மூளையிலேயே பதற்றத்தைத் தணிக்கும் ஒரு இரசாயனம் இருக்கிறது, பெயர் காபா. குளோனாசெபாம், டயசெபாம், அல்பிரசோலாம், லோராசெபாம் எல்லாம் ஒரே குடும்பம், இவை செய்வது அந்தக் காபாவின் வேலையைக் கூட்டிக்கொடுப்பது. தினமும் வெளியில் இருந்து இப்படிக் கூட்டிக்கொடுத்தால், மூளை சில கிழமைகளில் தன் பக்கத்தைக் கொஞ்சம் குறைத்துச் சமப்படுத்திக்கொள்ளும். துலா மிதிக்கிறவர் நடுவில் சட்டென்று குதித்துவிட்டால் துலா என்ன பாடு படுமோ, மருந்தை ஒரே நாளில் எடுத்துவிட்டால் மூளையும் அப்படித்தான் கொஞ்ச நாளைக்கு மறுபக்கம் தூக்கி எறியும். படபடப்பு, நடுக்கம், எரிச்சல், வியர்வை, நித்திரையின்மை எல்லாம் அதுதான்.

ஏன் முதல் இரவு வராமல் மூன்றாம் இரவு வந்தது? குளோனாசெபாம் உடம்பில் மெதுவாகக் கரையும் மருந்து, இரத்தத்தில் அதன் அளவு பாதியாகக் குறையவே 30 முதல் 40 மணித்தியாலம் ஆகும். நீங்கள் நிப்பாட்டிய முதல் இரண்டு இரவும் உண்மையில் மருந்தோடுதான் படுத்தீர்கள். நித்திரைக்குக் கொடுக்கும் சோல்பிடெம் போன்றவை இரண்டு மூன்று மணித்தியாலத்திலேயே பாதியாகிவிடும், அவற்றை விட்டவர்களுக்கு அன்றிரவே கஷ்டம் தெரியும். இது தெரியாததால்தான் பலர், "இரண்டு நாள் மருந்தில்லாமல் நல்லாய்த்தான் இருந்தேன், பிறகு என் பழைய வருத்தம் திரும்பி வந்துவிட்டது" என்று முடிவுகட்டுகிறார்கள்.

நான் உங்களுக்கு அழுத்திச் சொல்ல விரும்புவது இதைத்தான். அந்த மூன்றாம் இரவு, மருந்து இல்லாமல் உங்களால் நித்திரை கொள்ள ஏலாது என்பதற்குச் சாட்சி அல்ல. அது மருந்து உடம்பைவிட்டுப் போகும் இரவு. குளிசை போட்டவுடன் நித்திரை வந்தது பழைய வருத்தத்தை அது சுகமாக்கியதால் அல்ல, தான் போனதால் வந்த கஷ்டத்தைத் தானே நிப்பாட்டியதால். இரண்டு கிழமைக்கென்று தொடங்கிப் பத்து வருடம் ஓடியவர்களின் கதையைக் கேட்டுப் பாருங்கள், அநேகமாக எல்லாரும் இப்படி ஒரு இரவில்தான் மாட்டுப்பட்டிருப்பார்கள். ஒருவரும் அவர்களுக்கு அந்த இரவைப்பற்றி முதலிலேயே சொல்லி வைக்கவில்லை, அதுதான் எனக்குப் பெரிய மனவருத்தம். குளிசை எழுதும் நாளிலேயே, எப்போது நிப்பாட்டுவது, நிப்பாட்டும்போது என்ன வரும் என்று ஐந்து நிமிடம் கதைத்திருந்தால் எத்தனை பேர் தப்பியிருப்பார்கள்.

அடிமையாகிவிட்டேனா என்று கேட்கிறீர்கள். உங்கள் கடிதத்தில் அப்படி ஒன்றும் எனக்குத் தெரியவில்லை. ஒருநாளும் ஒன்றுக்கு மேல் போடவில்லை, போதைக்காகத் தேடவில்லை, விட விரும்புகிறீர்கள். உடம்பு ஒரு மருந்துக்குப் பழகுவது வேறு, அடிமையாவது வேறு. முதலாவது, சொன்ன அளவை ஒழுங்காக எடுத்தவருக்கும் வரும். அதற்காக வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் இந்த வகை மருந்துகளை நித்திரைக்குப் பொதுவாக இரண்டு, கூடினால் நான்கு கிழமைக்கு மேல் கொடுப்பதில்லை என்பதற்கும் இந்தப் பழகுதல்தான் காரணம். 2020இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் இந்தக் குடும்பத்து மருந்துகள் எல்லாவற்றுக்குமான எச்சரிக்கையைக் கடுமையாக்கியது. சில நாட்களிலிருந்து சில கிழமைகளுக்குள்ளேயே உடம்பு பழகிவிடலாம், திடீரென்று நிப்பாட்டினால் வலிப்புக்கூட வரலாம் என்று அதில் சொல்லப்பட்டிருக்கிறது. உங்கள் அளவு சிறியது, காலமும் குறைவு, ஆகவே உங்களுக்கு அந்த ஆபத்து குறைவு. என்றாலும் ஒருமுறை நிப்பாட்டிப் பார்த்துக் கை நடுங்கிய பிறகு, இனி மெதுவாகத்தான் இறங்கவேண்டும்.

எப்படி இறங்குவது? பல மாதம், பல வருடம் எடுத்தவர்களுக்கு, 2025இல் அமெரிக்காவின் பல மருத்துவச் சங்கங்கள் சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டல், முதலில் 5 முதல் 10 வீதம் குறைத்துப் பார்க்கவும், இரண்டு கிழமைக்குள் 25 வீதத்துக்கு மேல் குறைக்கவேண்டாம் என்றும் சொல்கிறது. சில கிழமை மட்டும், சிறிய அளவு எடுத்தவர்களுக்கு டொக்டர்மார் இதைவிடக் கொஞ்சம் விரைவாகவும் முடிப்பதுண்டு. உதாரணத்துக்கு, முழுக் குளிசையில் இருந்து முக்கால், பிறகு அரை, பிறகு கால், ஒவ்வொரு படியிலும் ஒன்று அல்லது இரண்டு கிழமை நின்று, பிறகு நிப்பாட்டுவது. இது உங்களுக்கான மருந்துத்துண்டு அல்ல, டொக்டரோடு இருந்து கதைப்பதற்கு ஒரு தொடக்கம். உங்களுக்கு எப்போதாவது வலிப்பு வந்திருந்தால், வேறு மருந்துகள் எடுத்தால், நுரையீரல், ஈரல் வருத்தம் ஏதும் இருந்தால் அவர் வேறு மாதிரி முடிவெடுப்பார், ஆகவே அதையும் சொல்லுங்கள்.

குளிசை வெட்டுவது சின்ன வேலை மாதிரித் தெரியும், ஆனால் இதில்தான் பலருக்குக் கணக்குப் பிழைக்கிறது. 0.5 மில்லிகிராம் குளிசை மிகச் சிறியது, கத்தியால் வெட்டினால் ஒரு துண்டு எங்கோ பறக்கும், மற்றது தூளாகும். பெரிய பாமசிகளில் குளிசை வெட்டும் சின்னப் பெட்டி கேட்டால் கிடைக்கும், நடுவில் கோடு இருந்தால் அந்தக் கோட்டில் வைத்து வெட்டுங்கள். இரண்டு மூன்று நாளைக்கு மட்டும் வெட்டி, மூடிய சின்னப் போத்தலில் ஈரம் படாமல் வையுங்கள். கால் துண்டு இன்றைக்குக் கொஞ்சம் பெரிது, நாளைக்குக் கொஞ்சம் சிறிது என்றால் பரவாயில்லை, மெதுவாகக் கரையும் மருந்து என்பதால் அது சமப்பட்டுவிடும். நடந்ததை ஒரு கொப்பியில் எழுதுங்கள்: திகதி, எடுத்த அளவு, எப்படிப் போனது என்று ஒரு வரி. அவ்வளவும் போதும். எத்தனை மணிக்கு முழித்தேன், எத்தனை நிமிடம் படுத்தேன் என்று இரவில் மணிக்கூடு பார்த்து எழுதவேண்டாம், அந்தக் கணக்கே நித்திரையைக் கெடுக்கும்.

"நித்திரை வராத இரவில் மட்டும் போடுவேன், மற்ற நாள் விடுவேன்" என்று சிலர் தாங்களே ஒரு வழி வைத்திருப்பார்கள். எனக்கு அது பிடிப்பதில்லை. ஒவ்வொரு இரவும் படுக்கையில் கிடந்து போடவா விடவா என்று வழக்குப் பேசவேண்டி வரும், அந்த யோசனையே ஆளை முழிக்க வைக்கும். அளவு குறைந்தாலும் நேரம் மாறாமல் எடுப்பது நல்லது.

ஒவ்வொரு படி இறங்கும்போதும் சில இரவுகள் நித்திரை குழம்பலாம், கனவுகள் கூடலாம், பகலில் அந்தரமாக இருக்கலாம். சில நாட்களில், போனால் ஒரு கிழமை பத்து நாளில், அது அடங்கிவிடும். அடங்காவிட்டால் அடுத்த படிக்கு அவசரப்படாமல் அதே அளவில் இன்னும் ஒரு கிழமை நில்லுங்கள், ஒரு கெட்ட இரவுக்காக முழுக் குளிசைக்குத் திரும்பி ஓடவேண்டாம். தாங்க ஏலாமல் இருந்தால் டொக்டரைக் கேட்டு முந்திய படிக்குப் போகலாம், அது தோல்வி இல்லை. ஆனால் வலிப்பு, மாறாட்டமாகக் கதைப்பது, இல்லாதது கண்ணுக்குத் தெரிவது, உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம், இவற்றில் ஏதாவது வந்தால் கொப்பியும் வேண்டாம் காத்திருப்பும் வேண்டாம், 1990க்கு அழைத்து அம்புலன்சில் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வீட்டில் இன்னொருவருக்கும் இதைச் சொல்லி வையுங்கள்.

குறைக்கும் நாட்களில் இடத்தை நிரப்ப வேறொன்றைப் போடாதீர்கள். நம் ஊரில் தடிமனுக்கு வாங்கும் பிரிட்டன் (Piriton) குளிசையை நித்திரைக்கென்று போடுவது வழக்கமாகிவிட்டது. குளோனாசெபாமோடு அது சேர்ந்தால் மயக்கம் கூடும், காலையில் தலை கனக்கும். முதுகுவலிக்கு ட்ரமடோல் எடுப்பவராக இருந்தால் கட்டாயம் டொக்டருக்குச் சொல்லுங்கள், இரண்டும் சேர்ந்தால் மூச்சையே குறைக்கலாம். மதுவும் அப்படித்தான். ஸ்கூட்டியில் பள்ளிக்கூடம் போகிறவர் என்றால், காலையில் கண் சொக்கும் நாட்களில் பஸ்ஸில் போங்கள், இந்த மருந்தின் மிச்சம் அடுத்த நாளும் உடம்பில் இருக்கும்.

சரி, நித்திரைக்கு என்ன செய்வது? எத்தனை மணிக்குப் படுத்தாலும் ஒரே மணிக்கு எழும்புங்கள், சனி ஞாயிறும். இது மற்ற எல்லாவற்றையும்விடப் பலன் தருவது, செய்யத்தான் கஷ்டம். கண் சொக்கிய பிறகு மட்டும் படுக்கைக்குப் போங்கள், கொஞ்ச நேரம் புரண்டும் வராவிட்டால் எழும்பி வந்து விறாந்தையில் மங்கல் வெளிச்சத்தில் இருந்து, சொக்கினதும் திரும்பிப் போங்கள். பள்ளிக்கூடம் விட்டு வந்து சாப்பிட்டு ஒரு மணித்தியாலம் படுக்கும் பழக்கத்தைக் கொஞ்ச நாளைக்கு நிறுத்துங்கள். பின்நேரத் தேத்தண்ணீர் நாலு மணியோடு முடியட்டும்.

பிறகு, மகளின் அழைப்பு. இரவு பத்து மணி என்றால் ரொறன்ரோவில் மத்தியானம் ஆகும் நேரம், பிள்ளைக்கு வசதி, உங்களுக்குத்தான் அதோடு நித்திரை போகிறது. காலை ஆறரைக்குக் கதைக்கச் சொல்லுங்கள், அங்கே முதல் நாள் இரவு எட்டு ஒன்பது மணி. நிப்பாட்டச் சொன்னது அன்பில்தான் என்று எனக்கு விளங்குகிறது, இந்தப் பதிலையும் அவளுக்கு அனுப்பி விடுங்கள். கெட்ட இரவு ஒன்று வந்தால், "இது வரும் என்று தெரியும்தானே அம்மா" என்று சொல்ல ஒரு ஆள் உங்களுக்கு வேண்டும்.

இவ்வளவும் மருந்தைப் பற்றி. உங்கள் நித்திரை போனது அம்மா போனதால். வீடு நிறைய ஆட்கள் இருந்து, அந்திரட்டி முடிந்து, ஒருவரும் இல்லாத முதல் இரவில் முழித்திருப்பது நோய் இல்லை தங்கச்சி. அம்மாவைப் பற்றி ஆருடனாவது வாய்விட்டுக் கதையுங்கள், பகலில். மூன்று மாதம் கழிந்தும் சாப்பாடு இறங்கவில்லை, எதிலும் மனம் போகவில்லை, அழுகை நிற்கவில்லை என்றால் அதையும் டொக்டரிடம் சொல்லுங்கள். யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையிலும் தெல்லிப்பளை ஆதார வைத்தியசாலையிலும் மனநலப் பிரிவு இருக்கிறது, குளிசை இல்லாமல் நித்திரையைச் சீராக்கும் பயிற்சி பற்றியும் அங்கே கேட்கலாம். நடுச்சாமத்தில் ஆருடனாவது கதைக்கவேண்டும் போல இருந்தால் 1926, தேசிய மனநல நிறுவனத்தின் இலக்கம், தமிழிலும் கதைக்கலாம்.

அக்காவின் டயசெபாமைத் தொடவேண்டாம். அது குளோனாசெபாமைவிட வேறு பலம், ஒன்றுக்கு ஒன்று என்று மாற்ற முடியாது, உங்கள் கணக்கு எல்லாம் குழம்பிவிடும். அதேநேரம் இதை வாசித்துவிட்டு அக்காவின் குளிசையைப் பறித்து எறியவும் வேண்டாம். பல வருடம் எடுத்தவர் திடீரென்று விட்டால் உங்களுக்கு வந்ததைவிட மோசமாக வரும், வலிப்புவரை போகலாம். அவர் குறைக்க மாதங்கள், சிலவேளை ஒரு வருடத்துக்கு மேலும் எடுக்கும். வயது போகப் போக இந்தக் குளிசையோடு இரவில் எழும்பி விழுந்து இடுப்பை முறிப்பவர்கள் உண்டு, ஆகவே அவரையும் நீங்கள் போகும் அன்றைக்கே, கிளினிக் கொப்பியையும் வீட்டில் இருக்கும் எல்லாக் குளிசை மட்டைகளையும் ஒரு பையில் போட்டு, கூட்டிக்கொண்டு போங்கள்.