லிப்ஜூஸ் வைத்து நாட் தாண்டுவது எப்படி: கேள்வி பதில்

இரண்டு வீட்டு ரவுட்டர்களுக்குப் பின்னால் இருக்கும் இரண்டு புரோகிராம்கள் நடுவில் சர்வர் இல்லாமல் யூடிபி பேச வேண்டும். குறுக்கே நிற்பது நாட், அதாவது வீட்டுக் கருவிகளின் உள் முகவரியை ரவுட்டர் பொது முகவரியாக மாற்றுவது. அதைத் தாண்ட ஐஸ் என்ற தரத்தைப் பின்பற்றும் சி மொழி லைப்ரரி லிப்ஜூஸ். ஐஸ், ஜூஸ் என்று பெயர்கள் கூல்பார் விலைப்பட்டியல் மாதிரி இருந்தாலும் விஷயம் கொஞ்சம் சூடானதுதான்.

கேள்வி: இதே வேலையைச் செய்யும் லிப்நைஸ் லைப்ரரி இருக்கும்போது இது எதற்கு?

லிப்நைஸுக்கு ஜிலிப் என்ற இன்னொரு லைப்ரரி வேண்டும். லிப்ஜூஸுக்கு வேறு எந்த லைப்ரரியும் கட்டாயமில்லை, சின்னக் கருவியிலும் ஏற்றிவிடலாம். பதிலுக்குச் சிலவற்றை இழக்கிறீர்கள். இயல்பாக யூடிபி மட்டும்தான், டிசிபி கேண்டிடேட் (ஒரு முனையை எட்டக்கூடிய ஐபியும் போர்ட்டும்) வந்தால் கண்டுகொள்ளாது. ஒரு இணைப்புக்கு ஒரே காம்போனென்ட், அதாவது ஒரே டேட்டா ஓடை. யூடிபியையே அடைத்து வைத்திருக்கும் அலுவலக நெட்வொர்க்குகளில் உங்கள் பயனர்கள் அதிகம் என்றால் இதைத் தேர்ந்தெடுக்காதீர்கள்.

கேள்வி: அண்ணா, ஸ்டன் சர்வர் (நம் வெளி ஐபி, போர்ட்டை நமக்குச் சொல்வது) கொடுத்துவிட்டேன். இரண்டு பக்கமும் "கனெக்டிங்" நிலையிலேயே நிற்கிறது. என்ன விட்டுப்போனது?

பெரும்பாலும் சிக்னலிங். இரண்டு முனைகளும் ஒன்றை ஒன்று அறிமுகப்படுத்திக்கொள்ளும் வழி லைப்ரரிக்குள் கிடையாது. வெப்சாக்கெட்டோ எம்க்யூடிடியோ, நீங்கள்தான் அமைக்க வேண்டும்.

வரிசை இதுதான்: ஏஜென்ட்டை (லிப்ஜூஸில் ஒரு இணைப்பைக் கவனிக்கும் பொருள்) உருவாக்குங்கள். அதன் லோக்கல் டிஸ்கிரிப்ஷனை வாங்கி எதிர்முனைக்கு அனுப்புங்கள். தற்காலிகப் பெயரும் பாஸ்வேர்டும் அதில்தான் இருக்கின்றன. எதிர்முனை அதை ரிமோட் டிஸ்கிரிப்ஷனாக ஏற்றிக்கொண்டு தன்னுடையதைத் திருப்பி அனுப்பும். பிறகு இருவரும் கேண்டிடேட் சேகரிப்பைத் தொடங்க வேண்டும். கால்பேக்கில் வரும் ஒவ்வொரு கேண்டிடேட்டையும் உடனே அனுப்பிவிடுங்கள், கடைசியில் "சேகரிப்பு முடிந்தது" என்ற தகவலையும்.

இந்த வரிசை வழியில் குலையக் கூடாது. ஒவ்வொரு செய்திக்கும் தனித்தனி ஹெச்டிடிபி கோரிக்கை அனுப்பினால் "முடிந்தது" முந்திக்கொண்டு வந்துவிடும், அதன்பின் வரும் கேண்டிடேட்டை ஏஜென்ட் ஏற்காது. இன்னொன்று: கால்பேக்குக்குள் டேட்டாபேஸ் எழுதுவது, தூங்குவது எதுவும் வேண்டாம். எல்லா ஏஜென்ட்டுகளுக்கும் ஒரே த்ரெட் ஓடும் முறைதான் இயல்புநிலை. ஒன்று அடைத்தால் எல்லாம் நிற்கும்.

கேள்வி: சில பயனர்களுக்கு மட்டும் இணையவே மாட்டேன் என்கிறது. சிமெட்ரிக் நாட் என்கிறார்கள். எப்படி உறுதி செய்வது?

ஒரே சாக்கெட்டிலிருந்து, வெவ்வேறு ஐபி உள்ள இரண்டு ஸ்டன் சர்வர்களைக் கேளுங்கள். இரண்டும் ஒரே வெளிப் போர்ட்டைச் சொன்னால் மேப்பிங் (உங்கள் சாக்கெட்டுக்கு ரவுட்டர் ஒதுக்கும் வெளி ஐபி, போர்ட்) நிலையானது. வெவ்வேறு போர்ட் வந்தால் சிமெட்ரிக். "ஒரே சாக்கெட்" என்பதுதான் உயிர். புதுச் சாக்கெட் திறந்தால் எந்த ரவுட்டரிலும் போர்ட் மாறத்தான் செய்யும்.

லிப்ஜூஸ் ஒரு ஏஜென்ட்டுக்கு ஒரு ஸ்டன் சர்வரைத்தான் கேட்கும், அதனால் இதற்குத் தனியாகச் சின்ன புரோகிராம் எழுதுங்கள். கோரிக்கை வெறும் 20 பைட்: வகை 2 பைட், நீளம் 2 பைட், ஹெக்ஸில் 2112ஏ442 என்ற மேஜிக் குக்கி 4 பைட், அடையாள எண் 12 பைட். பதிலில் முகவரி அந்தக் குக்கியோடு எக்ஸார் செய்யப்பட்டு வரும், போர்ட்டுக்குக் குக்கியின் முதல் 16 பிட் போதும். ஏன் இந்தச் சுற்றுவழி? பாக்கெட்டுக்குள் ஐபி போல எதைப் பார்த்தாலும் "உதவி செய்கிறேன்" என்று மாற்றி எழுதும் ரவுட்டர்கள் இருந்தன. அவற்றின் கண்ணில் படாமல் இருக்கத்தான்.

இனி கணக்கு. இரண்டு பக்கமும் நிலையான மேப்பிங் என்றால் நேரடியாக இணையும். ஒரு பக்கம் மட்டும் சிமெட்ரிக் என்றால், மறுபக்க ரவுட்டர் உள்ளே வரும் பாக்கெட்டில் எதைப் பார்த்து வடிகட்டுகிறது என்று பாருங்கள். ஐபியை மட்டும் பார்த்தால் இணையும், போர்ட்டையும் பார்த்தால் இணையாது. இரண்டுமே சிமெட்ரிக் என்றால் டர்ன் ரிலேதான், அதாவது டேட்டாவை நடுவில் நின்று கடத்தும் சர்வர். போர்ட்டை ஊகித்துத் துளைக்கிறேன் என்று வாரக்கணக்கில் மெனக்கெடாதீர்கள்.

கேள்வி: கிளவுடில் கோடர்ன் என்ற டர்ன் சர்வரைப் போட்டேன். ரிலே கேண்டிடேட் வருகிறது, டேட்டா மட்டும் போகவில்லை.

அந்த ரிலே கேண்டிடேட்டில் என்ன ஐபி இருக்கிறது? 10 அல்லது 172.16 என்று தொடங்கினால் விடை கிடைத்துவிட்டது. கிளவுட் மெஷினுக்குத் தன் பொது ஐபி தெரியாது, உள் ஐபியையே விளம்பரப்படுத்துகிறது. கோடர்னின் வெளி ஐபி அமைப்பில் பொது ஐபி, சாய்கோடு, உள் ஐபி என்று கொடுங்கள்.

ஐபி சரி என்றால் ஃபயர்வால். 3478ஐ மட்டும் திறந்துவிட்டு விட்டுவிடுவது வழக்கமான தவறு. ரிலே போர்ட்டுகள் இயல்பாக 49152 முதல் 65535 வரை, அந்த வரம்புக்கும் யூடிபி திறக்க வேண்டும். இத்தனை திறக்கத் தயக்கமாக இருந்தால் கோடர்னிலேயே வரம்பைச் சுருக்கலாம்.

கோடர்னிடமிருந்து 401 (அனுமதி இல்லை) பிழை திரும்பத் திரும்ப வந்தால், காலாவதி நேரத்தோடு கூடிய பயனர்பெயரா என்று பாருங்கள். அந்த நேரத்தை உருவாக்கும் சர்வரின் கடிகாரம் பின்தங்கியிருந்தால் பிறக்கும்போதே காலாவதிதான். முதல் 401 மட்டும் பிழையல்ல, நெறிமுறையே அப்படித்தான் தொடங்கும்.

கேள்வி: ரவுட்டரில் யூபிஎன்பி (புரோகிராமே கேட்டுப் போர்ட் திறக்கும் வசதி) இருக்கிறதே, அதில் போர்ட் திறந்தால் இவ்வளவு பாடு எதற்கு?

ரவுட்டரின் வான் (இணையத்தைப் பார்த்த வெளிப்பக்க) முகவரியைப் பாருங்கள். 100.64 முதல் 100.127 வரை இருந்தால் உங்களுக்கு மேலே இணைய நிறுவனத்தின் நாட் ஒன்று உட்கார்ந்திருக்கிறது. வீட்டு ரவுட்டரில் கதவைத் திறந்தாலும் தெருக்கதவு பூட்டித்தான் இருக்கும். அங்கே துளைப்பதும் ரிலேயும்தான் வழி.

கேள்வி: மேப்பிங் செத்துவிடாமல் இருக்க நானே பிங் அனுப்ப வேண்டுமா?

வேண்டாம். இணைப்பு உயிரோடிருக்க ஸ்டன் கீப்அலைவை லைப்ரரியே அனுப்பும், ஐஸ் தரப்படி அது 15 விநாடி. ஆர்எஃப்சி 4787 யூடிபி மேப்பிங்கை 2 நிமிடத்துக்குக் குறையாமல் வைக்கச் சொல்கிறது. அதை எல்லா ரவுட்டரும் மதிப்பதில்லை, அதனால்தான் இந்த இடைவெளி. போன் வைஃபையிலிருந்து மொபைல் டேட்டாவுக்குத் தாவினால் மட்டும் கீப்அலைவ் உதவாது. ஏஜென்ட்டை அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்குங்கள்.

கேள்வி: சின்ன மெசேஜ் போகிறது, 4 கேபி அனுப்பினால் சில சமயம் காணாமல் போகிறதே?

ஐபி துண்டாகிறது, துண்டில் ஒன்று தொலைந்தால் முழுதும் போச்சு. 1200 பைட்டுக்குள் நீங்களே பிரித்து அனுப்புங்கள், வரிசை எண் போட்டு. லிப்ஜூஸ் தருவது வெறும் யூடிபி: மறுபடி அனுப்புவதும் இல்லை, குறியாக்கமும் இல்லை. மேலே டிடிஎல்எஸ் (யூடிபிக்கான குறியாக்கம்) போடாமல் வெளியிடாதீர்கள். இரண்டும் தயாராக வேண்டுமென்றால் லிப்ஜூஸ் மேல் கட்டப்பட்ட லிப்டேட்டாசேனலை எடுத்துக்கொள்ளுங்கள்.