நூறு பந்து அடித்தும் ஸ்கோர் இறங்கவில்லையே?

கோல்ஃப் பற்றி வாசகர்கள் அனுப்பும் கேள்விகளில் முக்கால்வாசி ஒரே ஆதங்கத்தில்தான் முடிகின்றன: பந்து அடித்துப் பழகும் திடலான டிரைவிங் ரேஞ்சில் மணிக்கணக்காக நிற்கிறோம், மைதானத்தில் ஸ்கோர், அதாவது மொத்த அடிகளின் எண்ணிக்கை, குறையவில்லை. எனவே இந்த முறை ரேஞ்ச் பயிற்சி பற்றிய கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டேன். பதில்கள் வலக்கை ஆட்டக்காரர்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. இடக்கைக்காரர்கள் திசையை மாற்றி வாசித்துக்கொள்ள வேண்டும்.

வாரத்தில் மூன்று நாள் ரேஞ்சுக்குப் போகிறேன். அங்கே 7-அயர்ன் மட்டையில் பந்து அம்பு மாதிரி போகிறது. ஞாயிற்றுக்கிழமை மைதானத்தில் இறங்கினால் அதே மட்டை என் பேச்சைக் கேட்பதில்லை. ஏன்?
*– வாசகர், சென்னை*

குறை உங்கள் பயிற்சியின் அமைப்பில் இருக்கிறது. ஒரே மட்டையை எடுத்து ஐம்பது பந்து அடிக்கிறீர்கள். முதல் நான்கைந்து பந்து கோணல்மாணலாகப் போகும். பத்தாவது பந்து வருவதற்குள் உடம்பு தானே சரிசெய்துகொள்ளும். அதன் பிறகு வரிசையாக நல்ல அடிகள். வீட்டுக்குப் போகும்போது நினைவில் நிற்பது அந்தக் கடைசி நாற்பது பந்து. ஆனால் மைதானத்தில் உங்களுக்குக் கிடைப்பது முதல் பந்து ஒன்றுதான். வெகுதூரம் அடிக்கும் மட்டையான டிரைவரால் அடித்து, பேசிக்கொண்டே நடந்து, சரிவில் கிடக்கும் பந்தை 7-அயர்னால் ஒரே ஒரு முறை அடிக்க வேண்டும். அந்த முதல் பந்துக்கு நீங்கள் பயிற்சி எடுக்கவே இல்லை.

ஜான் ஷே, ராபின் மார்கன் என்ற இருவர் 1979-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இதை நன்றாகக் காட்டுகிறது. சிறு மரத் தடுப்புகளைக் கையால் குறிப்பிட்ட வரிசையில் வேகமாகத் தட்டிவிட வேண்டும். இப்படி மூன்று வரிசைகள். ஒரு குழுவினர் ஒன்றை முழுதாகப் பழகிவிட்டு அடுத்ததற்குப் போனார்கள். இன்னொரு குழுவினர் மூன்றையும் கலந்து பழகினார்கள். பயிற்சியின்போது முதல் குழுவே வேகமாகச் செய்தது. நாள் கழித்துச் சோதித்தபோது கலந்து பழகியவர்களே முந்தினார்கள். தடுமாறித் தடுமாறிப் பழகியதுதான் உடம்பில் தங்கியது. இது கோல்ஃப் ஆய்வு அல்ல என்றாலும், நான் பயிற்சி கொடுக்கும் இடத்தில் வாரம் தவறாமல் கண்ணெதிரே பார்ப்பது இதைத்தான்.

செய்ய வேண்டியது இது. வாங்கும் பந்துகளில் மூன்றில் ஒரு பங்கை மட்டும் ஒரே மட்டையில், ஒரே திருத்தத்துக்காக அடியுங்கள். மீதியை வைத்து, நீங்கள் வழக்கமாக ஆடும் மைதானத்தை ரேஞ்சிலேயே ஆடுங்கள். முதல் குழியை நினைத்துக்கொள்ளுங்கள். தூரத்தில் தெரியும் இரண்டு கொடிகளுக்கு நடுவில்தான் ஃபேர்வே, அதாவது பந்து விழ வேண்டிய புல்வெளிப் பாதை, என்று முடிவுசெய்து டிரைவர் அடியுங்கள். பந்து வலது கொடியைத் தாண்டிப் போய்விட்டதா? உங்கள் மைதானத்தில் அங்கே மரங்கள்தானே இருக்கும்? அப்படியானால் அடுத்த அடி மரக்கிளைக்குக் கீழே போகும் தாழ்வான பந்து. நேராகப் போனதா? மிச்சம் எத்தனை கெஜம் என்று கணக்குப் போட்டு, அதற்குரிய அயர்னை எடுங்கள். பிறகு, குறைந்த தூரத்துக்குப் பந்தை உயரத் தூக்கி அடிக்கும் வெட்ஜ். ஒன்பது குழிக்கு இருபத்தைந்து பந்துக்கு மேல் செலவாகாது. ஒவ்வொரு அடிக்கும் பந்துக்குப் பின்னால் போய் நின்று, இலக்கைப் பார்த்து, மைதானத்தில் எப்படி வருவீர்களோ அப்படியே வந்து நில்லுங்கள்.

இன்னொன்று. ரேஞ்சில் பலரும் ஒரு பந்தை அடித்ததும், அது தரையைத் தொடுவதற்கு முன்பே மட்டையின் நுனியால் அடுத்த பந்தை இழுத்துக்கொள்கிறார்கள். கால்கூட நகர்வதில்லை. இதைத் தடுக்க ஓர் எளிய வழி உண்டு. பந்துக் கூடையை நான்கடி பின்னால் வைத்துவிடுங்கள். ஒவ்வொரு பந்தையும் குனிந்து எடுத்து வர வேண்டும். அந்த நாலு எட்டுக்குள் போன பந்து எப்படிப் போனது, ஏன் போனது என்று யோசிக்க நேரம் கிடைத்துவிடும்.

ஒரு நாளைக்கு எத்தனை பந்து அடிக்கலாம்? விஜய் சிங் காலை முதல் மாலை வரை அடிப்பார் என்று படித்திருக்கிறேன்.
*– வாசகர், கோயம்புத்தூர்*

நீங்கள் படித்தது உண்மை. ஃபிஜியில் பிறந்து, மலேசியாவின் போர்னியோ பகுதியில் கிளப் பயிற்சியாளராக வேலை பார்த்த விஜய் சிங், 2004-இல் ஒரே ஆண்டில் ஒன்பது பிஜிஏ டூர் போட்டிகளை வென்று, டைகர் வுட்ஸிடமிருந்து உலகின் முதலிடத்தைப் பறித்தார். பயிற்சித் திடலை விட்டு நகராதவர் என்றே பெயர் வாங்கினார். அவருக்கு அது தொழில். உடம்பை அதற்காகவே வளர்த்துவைத்திருந்தார். அலுவலகத்தில் எட்டு மணி நேரம் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டு வரும் நமக்கு அறுபது பந்து தாராளம்.

எண்ணிக்கையைவிட வேகத்தைக் கவனியுங்கள். நூறு பந்தை அரை மணியில் காலிசெய்தால் ஒரு பந்துக்குப் பதினெட்டு விநாடி. அதற்குள் இலக்கு பார்ப்பது எங்கே, நிற்பது எங்கே? அறுபது பந்துக்கு ஒரு மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதுகோ முழங்கையோ முணுமுணுக்க ஆரம்பித்தால், மீதிப் பந்துகளைப் பக்கத்தில் நிற்பவருக்குக் கொடுத்துவிட்டு, பந்தைக் குழிக்குள் உருட்டிப் பழகும் வழவழப்பான புல்தரையான பட்டிங் கிரீனுக்குப் போங்கள். காசு கொடுத்து வாங்கிவிட்டோமே என்று அடிக்கும் கடைசி இருபது பந்துகளில்தான் கெட்ட பழக்கங்கள் ஒட்டிக்கொள்கின்றன.

எங்கள் ரேஞ்சில் புல் கிடையாது, செயற்கை விரிப்பு மட்டும்தான். அதில் பழகுவதால் கெடுதல் உண்டா?
*– வாசகர், சிங்கப்பூர்*

விரிப்பு நம்மிடம் உண்மையை மறைக்கும். அதைத் தெரிந்துகொண்டு பழகினால் கெடுதல் இல்லை. புல் தரையில் பந்துக்கு முன்பே மட்டை மண்ணில் இறங்கினால், ஒரு கைப்பிடி மண் பெயர்ந்து வரும், பந்து பாதி தூரத்தில் விழும். விரிப்பில் அதே தவறைச் செய்தால் மட்டை வழுக்கிக்கொண்டு போய்ப் பந்தை அடித்துவிடும். பந்தும் ஏறக்குறைய நன்றாகவே பறக்கும். நாமும் நல்ல அடி என்று நம்பிவிடுவோம்.

ஒரு சிறு துண்டை நாலாக மடித்து, பந்துக்குப் பின்னால் ஐந்தாறு விரல் அகலம் இடைவெளி விட்டுப் போடுங்கள். அயர்ன் அடிக்கும்போது மட்டை துண்டைத் தொடாமல் பந்துக்கு வர வேண்டும். துண்டு பறந்தால், உடல் எடை வலது காலிலேயே தங்கிவிட்டது என்பதே பெரும்பாலும் காரணம். காதையும் பழக்குங்கள். முதலில் பந்தைத் தொட்ட அடிக்கு ஒரு கச்சிதமான ‘டக்’ உண்டு. விரிப்பை முதலில் தொட்டால் ‘தொப்’பென்று ஒரு மந்தமான சத்தம் சேர்ந்து வரும். இரண்டே நாளில் வித்தியாசம் பிடிபட்டுவிடும்.

ரேஞ்ச் பந்துகளின் தூரத்தை நம்பி மட்டையைத் தேர்ந்தெடுக்காதீர்கள். அவை நீண்ட நாள் உழைப்பதற்காகச் செய்யப்பட்டவை, தேய்ந்தும் போயிருக்கும். பெரும்பாலும் குறைவான தூரமே போகும். அங்கே திசையையும் பந்தின் வளைவையும் பாருங்கள். தூரத்தை மைதானத்தில், உங்கள் சொந்தப் பந்தில் அளந்து ஒரு சிறு நோட்டில் குறித்துவையுங்கள்.

டிரைவர் அடித்தால் பந்து வலப்பக்கம் வளைந்து அடுத்த ஃபேர்வேக்கே போய்விடுகிறது. இடது பக்கமாகக் குறிவைத்துப் பார்த்தேன், இன்னும் மோசமாகிறது.
*– வாசகர், கொழும்பு*

இடது பக்கம் குறிவைத்ததுதான் அதை மோசமாக்கியது. பந்து எந்தத் திசையில் கிளம்பும் என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது, அடிபடும் நொடியில் மட்டை முகம் பார்க்கும் திசை. பிறகு எந்தப் பக்கம் வளையும் என்பதைத் தீர்மானிப்பது, மட்டை போகும் பாதைக்கும் முகத்துக்கும் உள்ள வேறுபாடு. நீங்கள் இடப்பக்கம் திரும்பி நிற்க நிற்க, மட்டையின் பாதையும் இடப்பக்கம் போகிறது. கை மட்டும் பந்தை இலக்குக்குக் கொண்டுபோக முயன்று முகத்தை வலது பக்கம் திறந்துவைக்கிறது. வேறுபாடு அதிகமாகிறது, வளைவும் அதிகமாகிறது.

முதலில் தரையில் ஒரு நேரான கம்பியைக் கால் விரல்களுக்கு முன்னால், இலக்குக் கோட்டுக்கு இணையாக வையுங்கள். கால், இடுப்பு, தோள் மூன்றும் அதற்கு இணையாக இருக்கின்றனவா என்று பக்கத்தில் இருப்பவரைப் பார்க்கச் சொல்லுங்கள். கால் சரியாக இருக்கும், தோள் மட்டும் இடப்பக்கம் திறந்திருக்கும். நான் அடிக்கடி பார்ப்பது இது. அடுத்து பிடி. மட்டையைப் பிடித்தபடி குனிந்து பார்த்தால் இடது கையில் இரண்டு அல்லது மூன்று முட்டிகள் தெரிய வேண்டும். ஒன்றுதான் தெரிகிறது என்றால் கையைச் சற்று வலப்பக்கம் திருப்பிப் பிடியுங்கள்.

இவை இரண்டும் சரியாகியும் வளைகிறதா? ஒயிட்போர்டில் எழுதும் பேனாவால் பந்தின் பின்பக்கம், மட்டை படும் இடத்தில், பெரிய புள்ளி ஒன்று வைத்து அடியுங்கள். மை மட்டை முகத்தில் பதிந்துவிடும். புள்ளி நடுவில் இல்லாமல் தண்டை ஒட்டிய பக்கம் பதிந்திருந்தால், அந்த ஒரு காரணமே பந்தை வலப்பக்கம் வளைக்கப் போதும். நீங்கள் பந்துக்கு மிக அருகில் நிற்கிறீர்களா என்று பாருங்கள். ஓர் அடிக்கு ஒரு புள்ளி என்று பத்துப் பந்து அடித்தால், உங்கள் டிரைவரைப் பற்றி எவர் சொல்வதைவிடவும் தெளிவாகத் தெரிந்துகொள்வீர்கள். ஈரத் துணியால் துடைத்தால் மை போய்விடும்.

நான் அதிக தூரம் அடிக்கக்கூடியவள் அல்ல. ரேஞ்சில் எதற்கு நேரம் ஒதுக்கினால் ஸ்கோர் சீக்கிரம் குறையும்?
*– வாசகி, பெங்களூரு*

உங்கள் ஊர்க்காரரையே எடுத்துக்கொள்ளுங்கள். டோக்கியோ ஒலிம்பிக்கில் அதிதி அசோக் நான்காவதாக வந்தார். பதக்கத்துக்கும் அவருக்கும் இடையே இருந்தது ஒரே ஓர் அடி. அந்தக் களத்தில் டிரைவரில் அவரைவிட வெகுதூரம் அடித்தவர்கள் பலர். அவரைக் கடைசி நாள் வரை போட்டியில் வைத்திருந்தது பட்டிங், அதாவது பந்தைக் குழிக்குள் உருட்டும் திறமை. 2021 ஆகஸ்டில் அந்தக் கடைசிச் சுற்றைக் காலையில் எழுந்து பார்த்த யாருக்கும் அது மறக்காது.

உங்கள் பயிற்சி நேரத்தில் பாதியை பட்டிங்குக்கும், கிரீனைச் சுற்றி அடிக்கும் சிறு அடிகளுக்கும் கொடுங்கள். பெரும்பாலான இடங்களில் பட்டிங் கிரீன் வெறிச்சோடித்தான் கிடக்கிறது. குழியின் விட்டம் 108 மில்லிமீட்டர், பந்தின் விட்டம் 43-க்குச் சற்றுக் குறைவு. கணக்கில் இடம் தாராளம். ஆனாலும் எட்டடி தூரத்திலிருந்து உலகின் தலைசிறந்த தொழில்முறை ஆட்டக்காரர்களே ஏறக்குறைய பாதியைத்தான் உள்ளே போடுகிறார்கள். ஆகவே எட்டடி தவறினால் மனம் தளர வேண்டாம். மூன்றடி தவறக் கூடாது. குழியைச் சுற்றி மூன்றடியில் ஆறு பந்தை வட்டமாக வையுங்கள். ஆறும் உள்ளே போன பிறகுதான் வீட்டுக்கு. ஒன்று தவறினாலும் மறுபடி முதலிலிருந்து. ஐந்து பந்து போய் ஆறாவதற்கு நிற்கும்போது கை லேசாக நடுங்கும் பாருங்கள், மைதானத்தில் வரும் அதே நடுக்கம் அது.

மழை நாளில் வீட்டிலேயே செய்யலாம். மொசைக் தரை வேண்டாம், பந்து நிற்காமல் ஓடும். ஜமக்காளத்தை விரித்து, இரண்டு டம்ளர்களுக்கு நடுவே பட்டரின் (பட்டிங் மட்டையின்) தலை மட்டும் நுழையும் அளவு இடம் விட்டு, அதற்குள் வீசிப் பழகுங்கள். டம்ளரில் இடித்தால் வீடு முழுக்கக் கேட்கும்.

வெயிலில் கை வியர்த்து மட்டை வழுக்குகிறது.
*– வாசகர், மதுரை*

இரண்டு கையுறைகள் வைத்துக்கொண்டு பதினைந்து பந்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். கழற்றியதைப் பைக்குள் திணிக்காமல் நிழலில் விரித்துக் காயவிடுங்கள். மட்டையின் ரப்பர் பிடியை மாதம் ஒருமுறை சோப்புத் தண்ணீரில் பழைய பல்துலக்கியால் தேய்த்துக் கழுவுங்கள். வழுக்கலுக்குப் பாதிக் காரணம் அதில் ஏறிய எண்ணெய்ப் பிசுக்கு.

எட்டு வயது மகனை ரேஞ்சுக்கு அழைத்துப் போகலாமா? அப்பாவின் பழைய மட்டைகளை வெட்டிச் சிறிதாக்கித் தரலாம் என்கிறார்கள்.
*– வாசகி, திருச்சி*

அழைத்துப் போங்கள். மட்டையை மட்டும் வெட்டாதீர்கள். நீளம் குறையுமே தவிர தலையின் எடை குறையாது, தண்டும் விறைப்பாகிவிடும். அதைத் தூக்க முடியாமல் பையன் உடம்பை முறுக்குவான், அந்த முறுக்கு வளர்ந்த பிறகும் போகாது. சிறுவர்களுக்கென்றே செய்யப்பட்ட எடை குறைந்த மட்டை இரண்டு மூன்று போதும்.

ஒரே தூரத்துக்கு அடிக்கச் சொல்லாதீர்கள். 1978-இல் கெர், பூத் என்ற இருவர், அவன் வயதுக் குழந்தைகளை வைத்துச் பயறு நிரப்பிய சிறு துணிப் பைகளை இலக்கில் எறியும் சோதனை செய்தார்கள். ஒரு குழு மூன்றடியிலேயே பழகியது. மற்றது இரண்டடியிலும் நான்கடியிலும் மாறிமாறிப் பழகியது. கடைசியில் இரு குழுக்களையும் மூன்றடியில் சோதித்தபோது, அந்தத் தூரத்தில் பழகவே பழகாத குழு நன்றாக எறிந்தது. எனவே வாளி, பழைய குடை, வட்டமாகப் போட்ட கயிறு என்று பல தூரங்களில் இலக்கு வைத்து விளையாட விடுங்கள். இருபது நிமிடத்தில் சலித்துப்போனால் கிளம்பிவிடுங்கள். நாளைக்கும் போகலாமா என்று அவனே கேட்க வேண்டும்.

போட்டி அன்று காலை எவ்வளவு நேரம் ரேஞ்சில் நிற்பது?
*– வாசகர், சேலம்*

அரை மணி, இருபத்தைந்து முப்பது பந்து. வெட்ஜில் மெதுவாக ஆரம்பித்து, நடு அயர்ன், பிறகு டிரைவர். அன்று பந்து வலப்பக்கம் போனால், வலப்பக்கம் போகிறது என்று தெரிந்துகொண்டு அதற்கேற்ப ஆடுங்கள். போட்டி நாள் காலையில் ஸ்விங்கைத் திருத்த உட்காராதீர்கள். ஐந்து நிமிடம் பட்டிங் கிரீனில் நீளமான பட்களை உருட்டி, அன்றைய தரையின் வேகத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். ரேஞ்சில் அடிக்கும் கடைசிப் பந்து, முதல் டீயில் (முதல் குழிக்கான ஆட்டத்தைத் தொடங்கும் இடத்தில்) எடுக்கப்போகும் அதே மட்டையில், அதே ஃபேர்வேயை மனத்தில் வைத்து அடித்ததாக இருக்கட்டும். அது நன்றாகப் போனாலும் போகாவிட்டாலும் இன்னொன்று அடிக்காமல் மட்டையைப் பையில் போட்டுவிட்டு நடங்கள்.