பழைய சுரங்கவாய் ஜிபிஎஸ்ஸில் தள்ளிக் காட்டுவது ஏன்?

கொலராடோவின் சான் ஹுவான் மலைப்பகுதிக்கான பழைய யுஎஸ்ஜிஎஸ் (அமெரிக்க நிலவியல் ஆய்வுத் துறை) வரைபடத்தில் உள்ள சுரங்கவாய் ஜிபிஎஸ்ஸில் ஏன் விலகுகிறது என்பது கேள்வி. பெரும்பாலும் டேட்டம்தான் காரணம், அதாவது ஆயத்தொலைவுகளை எந்த அடிப்படையிலிருந்து கணக்கிடுகிறோம் என்பது. பழைய வட அமெரிக்க 1927 டேட்டத்தில் உள்ள அட்சரேகை, தீர்க்கரேகை ஆயத்தொலைவுகளை, ஜிபிஎஸ் பயன்படுத்தும் டபிள்யூஜிஎஸ் 84 டேட்டம் என்று உள்ளிட்டால், அங்கே ஏறக்குறைய 50 மீட்டர் கிழக்கு மேற்காகத் தள்ளிப்போகும். ஜிபிஎஸ்ஸில் டேட்டத்தை மாற்றுங்கள். அல்லது யுஎஸ்ஜிஎஸ்ஸின் டோப்போவியூ தளத்தில் இலவசமாகக் கிடைக்கும் ஜியோடிஃப் கோப்பை (இடத் தகவல் சேர்ந்த வரைபடப் படம்) க்யூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் திறங்கள், மாற்றத்தை அதுவே பார்த்துக்கொள்ளும்.

அதன்பிறகும் துல்லியம் எதிர்பார்க்காதீர்கள். வரைபடம் 1:62,500 அளவில் இருந்தால், தாளில் 1 மி.மீ. என்பது தரையில் 62.5 மீட்டர்.

குறிகளையும் கவனியுங்கள். பாதி கறுத்த சதுரம் செங்குத்துக் குழி. ஒய் வடிவம் மலைக்குள் கிடையாகப் போகும் வாய். பெருக்கல் குறியோ கனிமம் தேடித் தோண்டிய பள்ளம் மட்டுமே, அதை நம்பி மலையேறினால் ஏமாற்றம்தான். அச்சிட்ட ஆண்டைவிட வரைபடத்தின் ஓரத்தில் உள்ள, நிலத்தை அளந்த ஆண்டே முக்கியம்.