டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்தில் நகைத் தொழிலைத் தேர்ந்தெடுப்பது வீண்தானா?

ஆளுக்கொரு கதாபாத்திரமாகக் கூடி அமர்ந்து, பகடை உருட்டிக் கதையை நடத்தும் இந்த ஆட்டத்தில், உங்கள் கதாபாத்திரத்துக்கு நகைத் தொழிலில் தேர்ச்சி எடுக்க விரும்புவதாகவும், அது குழுவுக்கு ஒன்றுக்கும் உதவாது என்று உடன் ஆடுபவர்கள் தடுப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். என் தாய்மாமா பொற்கொல்லர். பள்ளி விடுமுறைகளை அவருடைய பட்டறையில் கழித்து வளர்ந்தவன் என்பதால், இந்தத் தொழிலை வீண் என்று யார் சொன்னாலும் எனக்குப் பொறுக்காது. ஆகவே இதை ஒரு பக்கம் சாய்ந்த பதிலாக வேண்டுமானால் எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் நான் தரும் கணக்கு விதி நூல்களில் உள்ளது.

காசு சேர்ப்பதற்காக இந்தத் தொழிலை எடுக்க வேண்டாம். 2014 விதிகளின்படி ஒருவர் ஒரு நாளில் 5 பொற்காசு மதிப்புள்ள வேலையைத்தான் முடிக்க முடியும்; மூலப்பொருளுக்கு விற்பனை விலையில் பாதியைக் கொடுத்தாக வேண்டும். புதையல் பட்டியலில் பிளட்ஸ்டோன் என்னும் ரத்தினக்கல் பதித்த தங்க மோதிரம் ஒன்று 250 பொற்காசு மதிப்பில் வருகிறது. அதைச் செய்ய 125 பொற்காசு முதலும் 50 நாளும் வேண்டும். 2017-இல் வந்த துணை விதிகளின்படி அதே மோதிரம் 5 வாரத்திலும், 2024 விதிகளின்படி 25 நாளிலும் முடியும். டிராகன் ஊரை எரித்துக்கொண்டிருக்கும்போது 25 நாள்கூட எந்தக் குழுவும் காத்திருக்காது.

இந்தக் கணக்கைக் காட்டித்தான் உங்கள் நண்பர்கள் வீண் என்கிறார்கள் என்று நினைக்கிறேன். எனக்கோ அதே கணக்கில் வேறொன்று தெரிகிறது. ஆட்டத்தில் 50 காசு சேர்ந்தால் ஒரு பவுண்டு எடை. அதாவது ஒரு பொற்காசு ஏறத்தாழ 9 கிராம், நம் ஊர்க் கணக்கில் ஒரு பவுனும் அதற்கு மேல் ஒரு கிராமும். 125 பொற்காசையும் தங்கமாகவே உருக்கினால் ஒரு கிலோவுக்கு மேல் வரும். அதை எந்த விரலும் தாங்காது. ஆகவே அந்த மோதிரத்தில் தலா 50 பொற்காசு மதிப்புள்ள கல் இரண்டும், ஓரிரு காசு எடைத் தங்கமும் இருக்கும் என்றும், மீதி கரி, வெண்காரம், பற்றாசு போன்றவற்றுக்குப் போகும் என்றும்தான் கொள்ள முடியும். நம் கடைகளில் நகை விலையின் பெரும்பகுதி தங்கத்துக்கே போய்விடுகிறது, செய்கூலியும் சேதாரமும் மேலே ஒட்டிக்கொள்கின்றன. இந்த ஆட்டத்தில் விலையைச் சுமப்பவை கல்லும் கைவேலையும். விலையில் பாதியைக் கைவேலைக்கே கொடுக்கும் உலகத்தில் கைவினைஞரை எப்படிப் பயனற்றவர் என்று சொல்ல முடியும்?

இனி என் ஆட்டத்தைச் சொல்கிறேன். நான் ஆடியது ட்வார்ஃப் என்னும் குள்ளர் இனத்து ஃபைட்டர், அதாவது போர்வீரர். கில்ட் ஆர்ட்டிசன் (கைவினைஞர் சங்கத்தவர்) பின்னணி, நகைக் கருவிகளில் தேர்ச்சி. எங்கள் குழுவில் தெய்வ அருளால் மந்திரம் செய்யும் கிளெரிக், ரிவிவிஃபை மந்திரம் கற்ற நிலைக்கு வந்திருந்தார். இறந்து ஒரு நிமிடத்துக்குள் ஒருவரை எழுப்பும் அந்த மந்திரத்துக்கு 300 பொற்காசு மதிப்புள்ள வைரம் வேண்டும். மந்திரம் முடிந்ததும் அந்த வைரம் இல்லாமல் போய்விடும். துறைமுக நகரத்து வியாபாரி ஒருவரிடம் பேரம் முடிந்தது. “கல்லை வாங்கியாச்சு, கிளம்பலாம் அண்ணா” என்றார் கிளெரிக்காக ஆடிய தம்பி. நான் கல்லைப் பார்க்க வேண்டும் என்று, ஆட்டத்தை நடத்தும் டஞ்சன் மாஸ்டரிடம் சொன்னேன். எதைப் பார்ப்பீர்கள் என்று அவர் கேட்டார். கல்லின் மேல்தட்டு வழியாக, சற்றே சாய்த்து வைத்து, அடியிலுள்ள பட்டைகளின் விளிம்புகளைப் பார்ப்பேன் என்றேன். வைரமானால் ஒவ்வொரு விளிம்பும் ஒற்றைக் கோடாகத் தெரியும். வைரம்போலத் தோன்றும் நிறமற்ற ஜிர்கான் கல்லாக இருந்தால், அது ஒளியை இரண்டாகப் பிரிப்பதால், ஒவ்வொரு கோடும் இரட்டையாகத் தெரியும். மாமா உருப்பெருக்கியைக் கையில் கொடுத்துக் காட்டிய பாடம் அது. (இன்று கடைகளில் விற்கும் க்யூபிக் ஜிர்கோனியா வேறு பொருள், அதில் இந்த இரட்டைக் கோடு தெரியாது.) டஞ்சன் மாஸ்டர் பகடையை உருட்டச் சொன்னார், எண் நன்றாக விழுந்தது, கோடுகள் இரட்டையாகத் தெரிகின்றன என்றார். ஆட்டத்தின் பட்டியலில் ஜிர்கானின் மதிப்பு 50 பொற்காசு. அந்தக் கல்லுடன் சண்டைக்குப் போயிருந்தால் மந்திரம் பலித்திருக்காது. மாற்றி வாங்கிய உண்மையான வைரம் பிறகு எங்கள் குழுவில் திருடராக வரும் ரோக்கைப் பிழைக்க வைத்தது.

ஆடுபவருக்குத் தெரிந்ததைக் கதாபாத்திரத்தின் மேல் ஏற்றலாமா என்று சிலர் இங்கே கேட்பார்கள். நகைக் கருவிகளில் தேர்ச்சி உள்ளவர் ரத்தினத்தைப் பார்த்தவுடனே இனம் கண்டு மதிப்பிடலாம் என்று 2017 துணை விதிகளே சொல்கின்றன. நான் சொன்னது பார்க்கும் முறையை மட்டும்தான். முடிவு பகடையிடம் இருந்தது. எல்லாக் குழுவுக்கும் இது பொருந்தும் என்று நான் வாதிடவில்லை.

விதிகளின் மேல் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. 2017 நூல் விவரிக்கும் நகைக் கருவிப் பெட்டியில் சிறு ரம்பம், சுத்தியல், அரம், குறடு, சாமணம் இருக்கின்றன. ஊதுகுழல் இல்லை, உரைகல் இல்லை. நெருப்பில்லாமல் தங்கத்தைப் பற்றவைப்பது எப்படி? 2024 விதிகள் இன்னும் சுருக்கி, இந்தக் கருவியால் செய்யக்கூடியவை என்று மந்திரம் செலுத்தக் கையில் பிடிக்கும் குவிப்பொருளையும் புனிதச் சின்னத்தையும் மட்டுமே பட்டியலிடுகின்றன. வாளுக்கும் கேடயத்துக்கும் பக்கம் பக்கமாக இடம் கொடுத்தவர்கள் ஒரு மோதிரத்துக்கு ஒரு வரி கொடுத்திருக்கலாம்.

நீங்கள் டஞ்சன் மாஸ்டரிடம் முன்கூட்டியே கேட்க வேண்டியது, எந்த ஆண்டு விதி செல்லும் என்பதும், பட்டை தீட்டாத கல்லை வாங்கித் தீட்டி அதன் மதிப்பை உயர்த்த அனுமதி உண்டா என்பதும்தான். பாதி விலை விதியை அப்படியே எடுத்துக்கொண்டால், 150 பொற்காசுக் கச்சா வைரம் 2024 கணக்கில் 30 நாள் வேலையில் 300 பொற்காசு வைரமாகும். ஒரு உயிர் பாதி விலைக்குக் கிடைக்கும். எங்கள் டஞ்சன் மாஸ்டர் இதை ஒப்புக்கொண்டார், வேறொருவர் மறுக்கலாம். முதல் அமர்விலேயே பேசி எழுதி வைத்துக்கொள்ளுங்கள். சண்டைக்கு நடுவே இதைப் பேச இடம் இருக்காது.