லயத்துப் பேச்சை மேடையேற்றுவது

அன்புள்ள ஐயா,

இலங்கை மலையகத்தின் அட்டனில், தேயிலைத் தோட்டத் தொழிலாளர் வாழும் லயத்தை (வரிசை வீடுகளை) வைத்து ஒரு நாடகம் தயாரிக்கிறோம். முக்கிய வேடங்களில் நடிக்கும் இருவர் யாழ்ப்பாணத்தவர்கள். கொழுந்து (பறிக்கும் தேயிலைத் தளிர்), பெரட்டு (காலையில் ஆள் கணக்கெடுப்பு), கவ்வாத்து (செடியை வெட்டிவிடுதல்), பிள்ளைக்காம்பரா (குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் இடம்) போன்ற தோட்டச் சொற்கள் எல்லாவற்றையும் மனப்பாடம் செய்துவிட்டார்கள். ஆனாலும் வாய் திறந்தவுடன் வேற்றூர் என்று தெரிந்துவிடுகிறது. காமன் கூத்து என்ற நாட்டார் கூத்தைச் சொல்லித்தரும் வாத்தியார் ஒருவரைக் கொண்டு பயிற்சி கொடுக்கலாமா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

சொற்பட்டியலைக் கொஞ்சநாள் ஒதுக்கிவையுங்கள். முதலில் பழக வேண்டியது நாக்கு. யாழ்ப்பாணத்தில் 'காற்று' என்னும்போது நாக்கு நுனி பல்லுக்கு மேலே உள்ள ஈற்றில் பதியும். மலையகத்தில் அது 'காத்து', நாக்கு பல்லைத் தொடும். நேற்று, மாற்று, சேற்றில் என்று வருகிற இடமெல்லாம் இந்தப் பழக்கம் மாற வேண்டும். வினையும் மாறும்: 'வந்தேன்' என்பது அங்கே 'வந்தனான்', இங்கே, மரியாதையாகச் சொன்னால், 'வந்தேங்க'. அடுத்து வாக்கியத்தின் ராகம். வசனத்தைச் சொல்லாமல், ஏற்ற இறக்கத்தை மட்டும் முனகிப் பழகச் சொல்லுங்கள்.

ஆனால் மலையகத் தமிழ் என்று பொதுவாக ஒன்றை யாராலும் நடிக்க முடியாது. மதுரை, திருச்சி, சேலம் எனப் பல பக்கங்களிலிருந்து பத்தொன்பதாம் நூற்றாண்டில் வந்தவர்களின் வழிவந்த பேச்சு இது. பாட்டி ஒருவிதமாகவும், கொழும்புக் கடையில் வேலை செய்யும் பேரன் வேறுவிதமாகவும் பேசுவார்கள். எனவே ஒரு வேடத்துக்கு ஓர் ஆளைத் தேர்ந்து, அவர் சம்மதத்தோடு பேச்சைப் பதிவு செய்யுங்கள். பேட்டி எடுக்காதீர்கள், ஒலிவாங்கியைக் கண்டால் எவரும் திருத்தமாகப் பேசத் தொடங்கிவிடுவார்கள். அவர் அண்டை வீட்டாரோடு பேசுவதுதான் வேண்டும்.

ஒரே பெண் துரையிடம் (தோட்ட நிர்வாகியிடம்) ஒரு குரலிலும், கங்காணியிடம் (வேலையை மேற்பார்க்கிறவரிடம்) இன்னொரு குரலிலும், லயத்து வாசலில் பிள்ளையிடம் மூன்றாவது குரலிலும் பேசுவார். பிரதியில் ஒவ்வொரு வசனத்துக்கும் பக்கத்தில், யாரிடம் பேசுகிறார் என்று எழுதிவையுங்கள். இதைச் செய்யாத நாடகங்களில்தான் மலையகப் பாத்திரம் தொடக்கம் முதல் முடிவுவரை ஒரே கெஞ்சல் குரலில் பேசுகிறது, அரங்கு சிரிக்கிறது. எங்கள் மக்களை அப்படிச் சிரிப்புக்கு வைத்ததை நிறையப் பார்த்துவிட்டேன், தாங்க முடியவில்லை.

கூத்து வாத்தியார் வேண்டாம். அவர் கலை பெரியது; ஆனால் அந்தக் குரல் திறந்தவெளிக்கும் பாட்டுக்கும் பழகியது, லயத்துப் பேச்சுக்கு ஆகாது. கொழுந்து பறிக்கும் ஒருவரையே ஒத்திகைக்கு அழையுங்கள். ஒத்திகைக்கு வருகிற நாளில் தோட்டத்தில் அவருக்குப் பேர் விழாது, அதாவது அன்றைய வேலை நாள் அவர் கணக்கில் பதியாது. அந்த நாள் கூலியை நாடகக் கணக்கிலிருந்து கொடுங்கள். அவர் விரும்பினால், பேச்சுப் பயிற்சி அளித்தவர் என்று அறிவிப்புத்தாளில் அவர் பெயரையும் போடுங்கள்.